மைத்துனர் பெயர் சிரிக்க வேண்டும்

ஊரில் பாதிப் பேருக்கு என்மேல் கோபம். மீதிப் பேர் வாலு எழுத்தில் இன்னும் எதையும் தட்டிப் பார்க்கவில்லை.

வாலு நான் வரைந்த எழுத்து, ஃபான்ட் என்பார்களே, அது. ஒரு ஜவ்வுமிட்டாய்க் கம்பெனிக்காக வரைந்தது. மிட்டாய் உறையில் இருக்கிற எழுத்து, பள்ளிக்கூடம் விட்டதும் தெருவில் ஓடிவருகிற பிள்ளை மாதிரி இருக்க வேண்டும், கம்ப்யூட்டரில் செய்ததாகத் தெரியவே கூடாது என்றார்கள். சரி, கையாலேயே வரைவோம் என்று உட்கார்ந்தேன். நம் எழுத்தில்தான் சுழிக்கும் கொம்புக்கும் பஞ்சமே கிடையாதே. வளைத்த இடத்திலெல்லாம் ஒரு வால் முளைத்தது. பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஒரே 'க' எல்லா இடத்திலும் அச்சு அசலாக ஒரே மாதிரி வந்தால் கையால் வரைந்தது என்று யார் நம்புவார்கள்? அதனால் ஒவ்வொரு எழுத்தையும் பல தடவை வரைந்தேன். சிரித்துக்கொண்டு, எரிச்சலில், தூக்கக் கலக்கத்தில், மனசறிந்து பொய் சொல்லிவிட்டு, வீட்டுக்காரரோடு சண்டை போட்டுவிட்டு. சண்டை எழுத்துகள்தான் சீக்கிரம் முடிந்தன. கடைசியில் எந்த நேரத்தில் எந்தக் 'க' வர வேண்டும் என்று யாராவது முடிவு செய்ய வேண்டுமே. நாடி பார்க்கிற கீபோர்டுகளும் போன்களும் அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தன. யாருக்கு மாரடைப்பு வரும், யாருக்குச் சர்க்கரை ஏறும் என்று விரல் நுனியிலேயே கண்டுபிடிப்பதற்காகச் செய்தவை. அந்த நாடியிடமே வேலையை விட்டுவிட்டேன். தட்டுகிறவரின் நாடி எப்படியோ அதற்குத் தக்க எழுத்து வரும். விளையாட்டாகச் செய்ததுதான். மிட்டாய்க் கம்பெனிக்கும் பிடித்துப் போயிற்று.

பிறகுதான் வினை ஆரம்பித்தது. எங்கள் சிவகாசியில் ஒரு பலகாரக் கடைக்காரர் 'இன்று போட்ட சுடச்சுட அல்வா' என்று வாலுவில் தட்டிப் பலகை வைத்தார். 'சுடச்சுட' என்ற சொல் மட்டும் நேற்றைய பூரி மாதிரிச் சப்பையாகக் கிடந்தது. கடைவீதியே நின்று பார்த்துச் சிரித்தது. அடுத்த வாரம் ஒரு மாமனாருக்குக் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒட்டினார்கள். மருமகனே உட்கார்ந்து தட்டியதாம். 'ஆற்றொணாத் துயரில்' என்ற சொற்கள் கும்மி அடித்துக்கொண்டிருந்தன. அந்தப் போஸ்டரை ராத்திரியோடு ராத்திரியாக யாரோ கிழித்தெடுத்தார்கள். மருமகன்தான் கிழித்தார் என்று எல்லோருக்கும் தெரியும்.

சரி, வாலு காட்டிக்கொடுக்கிறது, வேறு எழுத்தில் தட்டிவிட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் வாலு இருக்கும்போது ஒருவன் சாதா எழுத்தில் பத்திரிகை அடித்தால் ஊர் என்ன கேட்கும்? 'எதை மறைக்கிறான்?' என்றுதான் கேட்கும். வாங்கிப் பார்க்கிறவர்கள் பத்திரிகையைப் பிரிக்கும்போதே முகத்தைச் சுளித்தார்கள். ஒரு வருஷத்துக்குள் காதுகுத்து, கல்யாணம், கடை திறப்பு, மன்னிப்புக் கடிதம் எல்லாம் வாலுவுக்கு வந்து சேர்ந்தன. விருப்பப்பட்டு வந்தவர்கள் குறைவு.

என் கடை பெயர் மெர்சி கிராபிக்ஸ். பத்திரிகை, போஸ்டர், ஃப்ளெக்ஸ் மூன்றும் உண்டு. முன்பெல்லாம் மேட்டரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள், நான் தட்டுவேன். இப்போது நான் தட்டினால் செல்லாது. விசேஷ வீட்டுக்காரரே வந்து உட்கார்ந்து அவர் விரலாலேயே தட்ட வேண்டும். எனக்கு வேலை மிச்சம். ஆனால் ஒவ்வொருவரும் தட்டிவிட்டுத் திரையைப் பார்க்கிற பார்வையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறதே, அது கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கும்.

தவசிலிங்கம் சார் அப்படித்தான் ஒரு வைகாசி மாதம் மகளோடு வந்து உட்கார்ந்தார். ஊரின் மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு சின்ன இரும்பு ஸ்கேல் எப்போதும் இருக்கும். மகள் தர்ஷனாவுக்குக் கல்யாணம். மேட்டரை மஞ்சள் தடவிய தாளில் அழகாக எழுதி வந்திருந்தார்.

தட்ட ஆரம்பித்தார். அவர் எழுத்து எப்போதும் காலை அகற்றி, கையைப் பின்னால் கட்டி, பிரேயரில் நிற்கிற மாதிரி நிற்கும். அன்று மகள் பெயரைத் தட்டும்போது மட்டும் அந்தக் கால்கள் துள்ளின. மாப்பிள்ளை பெயர் பரவாயில்லை, மரியாதையாக நின்றது. 'தாய்மாமன்' என்று தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. 'கனிராஜ்' என்று தட்டினார்.

'னி' முஷ்டியை மடக்கிக்கொண்டது. 'ரா'வின் கால் எட்டி உதைக்கிற மாதிரி நீண்டது. 'ஜ்' முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றது.

தர்ஷனா நெற்றியில் கை வைத்தாள். "அப்பா, இன்னொருக்கா தட்டுங்கப்பா. நல்லதா எதையாச்சும் நெனச்சுக்கிட்டு."

அவர் கண்ணை மூடி, மூச்சை இழுத்துவிட்டு, மறுபடி தட்டினார். இப்போது பெயர் மொத்தமும் பல்லைக் கடித்தது.

கனிராஜ் யார் என்று ஊருக்கே தெரியும். மைக் செட் கனிராஜ். சாரின் மனைவி செல்வக்கனியம்மாவின் கூடப்பிறந்த தம்பி. எப்போதும் ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருக்கிற மனிதர். அவரும் சாரும் ஒரு காலத்தில் ஒரே வண்டியில்தான் எங்கேயும் போவார்கள். கனிராஜ் மகன் கல்யாணத்தில் முறிந்தது. சம்பந்தி வீட்டார் சொன்ன ஏதோ ஒரு அச்சகத்தில் பத்திரிகை அடித்தார்கள். என் கடையில் அடித்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. 'தவசிலிங்கம், எம்.ஏ., எம்.எட்., எம்.ஃபில்., தலைமையாசிரியர்' என்ற வரி நீளமாகப் போயிற்று என்று அந்த அச்சகத்தான் அதை மட்டும் சின்ன எழுத்தாக்கி ஒரே வரியில் திணித்துவிட்டான். இன்னொரு உறவினர் பெயர் படிப்பே இல்லாததால் பெரிதாக நின்றது. சார் மண்டப வாசலில் நின்று, பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, இரண்டு வரியையும் அளந்தார்.

"எழுத்து சின்னதானா ஆளு சின்னதாயிருவாரா அத்தான்?" என்று கனிராஜ் சிரித்துக்கொண்டே கேட்டாராம். அந்தச் சிரிப்புதான் சாரைச் சுட்டுவிட்டது. சார் பந்தியில் உட்காராமலேயே வெளியேறிவிட்டார். சாப்பிடாமல் போவது நம் பக்கத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு சாரின் ஓய்வு விழாவுக்குக் கனிராஜுக்கு அழைப்பு போகவில்லை. அவரும் வரவில்லை.

"மாமா என்ன சொல்லிருக்காருன்னா," என்று தர்ஷனா என்னிடம் சொன்னாள், "அத்தான் தன் கையால வாலுல தட்டி, அதுல எம்பேரு சிரிச்சா வாரேன், மொறைச்சா வரமாட்டேன்னு சொல்லிட்டாரு. மாமா வந்து மாலை எடுத்துக் குடுக்கலேன்னா அம்மா மேடையேறமாட்டேங்குறாங்க. எனக்கும் மாமா வேணும்க்கா. நான் சைக்கிள் ஓட்டப் படிச்சதே அவரு பிடிச்சுக்கிட்டு ஓடுனதாலதான்."

சார் என் பக்கம் திரும்பினார். "இது எப்படிம்மா கண்டுபிடிக்குது? எனக்கு விளங்குற மாதிரிச் சொல்லு."

"கீபோர்டு உங்க விரல்ல நாடி பாக்கும் சார்."

"பாத்து?"

"இந்த நாடிக்கு, நான் எந்த மனநிலையில வரைஞ்ச எழுத்து பொருந்துமோ அத எடுத்து வைக்கும்."

"அப்ப இங்க மொறைக்கிறது என் கோவம் இல்ல. நீ வரைஞ்ச உன் கோவம்."

"கோவம் என்னுதுதான் சார். அதக் கூப்பிட்டது நீங்க."

அவர் மகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கேட்டார். "தர்ஷனாவத் தட்டச் சொன்னா?"

"உங்க எழுத்து எப்படி நிக்கும்னு ஊருக்கே தெரியும் சார். நகர் நலச் சங்கத்து நோட்டீஸ் பூரா நீங்கதான தட்டுறீங்க. பாத்ததும் கண்டுபிடிச்சிருவாரு."

"அதோட அது திருட்டுத்தனம்," என்றார் சார், தானே கேட்டதை மறந்துவிட்டு.

தர்ஷனாவுக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனால் அவள் அழவில்லை, கோபப்பட்டாள். அதுவும் என்மேல். "முன்னாடியெல்லாம் 'அன்புடன்'னு அச்சடிச்சிருந்தா அது போதும்லக்கா? அன்பு இருக்கா இல்லையான்னு யாரு தோண்டிப் பாத்தா? கூப்பிட்டாங்கன்னு வருவாங்க. மூஞ்சியத் தூக்கிவெச்சுக்கிட்டுப் பந்தியில உக்காருவாங்க. ரசம் வர்றதுக்குள்ள தானாப் பேசிருவாங்க. எங்க சித்தப்பா ரெண்டு பேரும் அப்படித்தான் சேந்தாங்க. நீங்க வந்து அந்தப் பொய்யப் பூராவும் பிடுங்கிட்டீங்க."

எனக்குச் சுருக்கென்றது. பலகாரக் கடைக்காரரும் மருமகனும் அகப்பட்டபோது நானும்தான் ஊரோடு சேர்ந்து சிரித்தேன். பொய்யில் சேர்த்துவைக்கிற பொய் என்று ஒரு ரகம் இருப்பதை நான் வாலு வரையும்போது யோசிக்கவே இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கம் வந்தால் எனக்குக் கூடவே குறும்பும் வரும். பிறவிக் குணம்.

"சார், ஒருத்தர் தட்டினத இன்னொரு இடத்துல ஒட்டினா, ஒட்டுறவங்க நாடிக்கு மாறிரும். அப்படித்தான் பூட்டு போட்டுருக்கேன். ஆனா பூட்டு போட்டவகிட்டச் சாவி இல்லாமப் போகுமா? நீங்களே எப்பவோ சந்தோசமாத் தட்டின 'கனிராஜ்' ஒண்ணு இருந்தா, அத நான் அப்படியே எடுத்து இங்க வெச்சுருவேன். எழுத்து உங்க எழுத்து. விரல் உங்க விரல். திருட்டுன்னு யாரும் சொல்ல முடியாது."

"தேதி மட்டும் மாறுது," என்றார் சார்.

"தேதியை யாரு அச்சடிக்கப் போறா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேண்டாம் என்று எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். தாழ்ந்த குரலில் சொன்னார். "அவன் மைக் செட் கடை திறந்தப்ப பத்திரிகை நான்தான் தட்டினேன். தப்பில்லாம வரணும்னு."

என் கம்ப்யூட்டரில் எதுவும் அழிவதில்லை. தேடியதும் கிடைத்தது. வாலு வந்த புதிதில் தட்டியது. 'என் மைத்துனர் கனிராஜ்' என்ற மூன்று சொற்களும் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றன. 'ரா' வயிறு குலுங்கச் சிரித்தது. 'ஜ்' மேல் இருக்க வேண்டிய புள்ளி பந்து மாதிரி எகிறிப்போய் மேல் வரியில் இடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தால் நமக்கும் சிரிப்பு வரும்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

"நானா தட்டினேன் இத?"

"நீங்கதான் சார்."

"இப்படியா இருந்தேன் அவன்கிட்ட?"

அவர் திரையில் அந்தப் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "ஒட்டிரு," என்றார்.

பத்திரிகை போய்ச் சேர்ந்தது. மைத்துனர் பெயரைத் தட்டும்போது வாத்தியார் பாட்டே பாடியிருக்கிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கனிராஜ் வருவதாகச் சொல்லிவிட்டார். செல்வக்கனியம்மா என் கடைக்கு ஒரு தூக்கு நிறைய அதிரசம் கொடுத்தனுப்பினார். நான் அதைத் தின்றுகொண்டிருந்தபோது வாசலில் ஒரு முணுமுணுப்புக் கேட்டது. கனிராஜ் அண்ணன் பாடிக்கொண்டே உள்ளே வந்தார்.

வந்தவர் பத்திரிகையை எடுத்து மேஜையில் வைத்தார். தன் பெயர்மேல் விரலை வைத்தார்.

"தங்கச்சி, இந்தப் பேரு எப்பத் தட்டினது?"

"சார் வந்து தட்டினாரு அண்ணே. பொண்ணும் கூட வந்துச்சு."

"சார் தட்டினதுதான். அது எனக்குத் தெரியாதா? எப்பன்னு கேட்டேன்."

நான் அதிரசத்தை வாயில் போட்டுக்கொண்டேன். வாய் நிறைய இருந்தால் பதில் சொல்ல வேண்டாம்.

"எங்கடைக்கு நீ வந்ததில்லையோ? சாமி படத்துக்குப் பக்கத்துல கடை தொறந்த பத்திரிகைய பிரேம் போட்டு மாட்டிருக்கேன். சண்டைக்கப்புறமும் கழட்டல. கழட்டணும்னு தோணும், ஏணி எடுக்கச் சோம்பல்னு எனக்கு நானே சொல்லிக்கிருவேன். தெனமும் பத்தி காட்டுறப்ப அதையும் பாக்கேன். இந்தப் புள்ளி எகிறிப்போயி மேல இடிக்கிறத நான் பாக்காத நாளில்ல."

அதிரசம் தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேச முடிந்தது. எல்லாம் கெட்டுப்போயிற்று, அந்தப் பெண்ணின் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்றுதான் அந்த நிமிஷத்தில் நினைத்தேன். "அப்ப ஏண்ணே வாரேன்னு சொன்னீங்க?"

"பொய் சொல்லணும்னு முடிவு பண்ணின மனுசன் எங்கருந்து வேணாலும் எடுத்துருக்கலாம்ல? அத்தான் பொய் சொல்றதுக்குக்கூட எம்மேல பாசமா இருந்த நாளத்தான தேடி எடுத்துருக்காரு." அவர் பத்திரிகையை மடித்துப் பையில் வைத்தார். "அவரு மறக்கல. அது போதும் எனக்கு."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "இப்ப எனக்கு ஒரு வேலை ஆகணும். மண்டப வாசல்ல தாய்மாமன் ஃப்ளெக்ஸ் வைக்கணும். அத்தான வரவேற்று. வாலுலதான் வைக்கணும், இல்லேன்னா ஊரு பேசும். வீட்டுல போன்ல தட்டிப் பாத்தேன். இங்க பாரு."

போனைக் காட்டினார். 'அத்தான் தவசிலிங்கம்' என்பது உர்ரென்று நின்றது. ஒரு எழுத்துக்கு வால் முறுக்கிய விதத்தைப் பார்த்தால் கடித்துவிடும் போலிருந்தது.

"நல்லவிதமாத்தான் நெனச்சேன். 'அன்பா தட்டு, அன்பா தட்டு'ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சொல்லச் சொல்ல அந்த ஸ்கேலுதான் கண்ணு முன்னால வருது." அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அத்தான் வீட்டுக்குப் பால் காய்ச்சினப்ப பத்திரிகை நான்தான் வந்து தட்டினேன். அதுல அவரு பேரு நல்லா வந்துருக்கும். அவருக்கு எடுத்துக் குடுத்த மாதிரி எனக்கும் ஒண்ணு எடுத்துக் குடு. அத்தானுக்குத் தெரிய வேணாம்."

இரண்டு பேருக்கும் ஒரே மருந்து, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவருக்கு. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டமாக இருந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று உறுத்தியது. இந்த மனிதர் இப்போதுதான் என் எதிரே உட்கார்ந்து 'அது போதும் எனக்கு' என்று சொன்னார். இவருக்கு எதற்குப் பழைய சரக்கு?

"எடுத்துத் தாரேண்ணே. ஆனா ஃப்ளெக்ஸுக்கு நீள அகலம் பாக்கணும். மேட்டர முழுசா ஒருக்கா தட்டிட்டுப் போங்க. சும்மா அளவுக்குத்தான். இது பிரின்ட்டுக்குப் போகாது."

"யாரும் பாக்கமாட்டாங்கள்ல?"

"நான் மட்டும்தான்."

திரையை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். அவர் முணுமுணுப்பை விட்ட இடத்திலிருந்து தொடங்கி, தட்ட ஆரம்பித்தார்.

"அன்பு அத்தான்... தவசிலிங்கம்... எம்.ஏ.... அப்புறம் என்ன, எம்.எட்.... எம்.ஃபில்.... இம்புட்டையும் எதுக்குத்தான் படிச்சாரோ. ஒண்ணையும் விடாத தங்கச்சி. எழுத்து எதுவும் சின்னதாகக் கூடாது. மண்டபம் பத்தலேன்னா ரோடு வரைக்கும் போகட்டும். ஒரு நூல் குறைஞ்சாலும் ஸ்கேலத் தூக்கிட்டு வந்துருவாரு மனுசன்." அவர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். "தலைமையாசிரியர்... ஓய்வு போடணும்ல? போடுறேன். ஓய்வு விழாவுக்கு என்னையக் கூப்பிடல. இருந்தாலும் போடுறேன். அன்னிக்குப் பள்ளிக்கூடத்துக்கு யாரோ ஒருத்தன் மைக் செட் போட்டான் பாரு, ஒரே கொய்யின்னு சத்தம். அவரு பேசினது ஒண்ணும் கேக்கலியாம். நான் போட்டிருந்தா கணீர்னு கேட்டிருக்கும்."

கடைசிச் சொல்லைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். "எப்படி வந்துருக்கு?"

திரையில் தவசிலிங்கம் என்ற பெயர் தட்டாமாலை சுற்றிக்கொண்டிருந்தது. எம்.ஏ.வும் எம்.எட்.டும் வாலைப் பிடித்துக்கொண்டு ரயில் வண்டி ஓட்டின. எழுத்தெல்லாம் அவர் முணுமுணுத்த தாளத்துக்கு ஒன்று ஏறி ஒன்று இறங்கி நின்றது. என் வாழ்நாளில் வாலு இவ்வளவு அழகாக வந்து நான் பார்த்ததில்லை. அன்பாகத் தட்டு என்று யாரும் அதட்டாதபோது, யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தபோது வருகிற எழுத்து அது.

"மொறைக்குதுண்ணே," என்றேன்.

"அதான பாத்தேன்," என்று எழுந்தார். "பழசையே எடுத்துப் போடு."

சரி என்று தலையாட்டினேன். அவர் போனதும் பால் காய்ச்சின பத்திரிகையை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. திரையில் இருந்ததை அப்படியே அச்சுக்கு அனுப்பினேன்.

கல்யாணத்தன்று மண்டப வாசல் முழுக்க அந்த ஃப்ளெக்ஸ்தான். படிப்பெல்லாம் முழு அளவில் மூன்று வரிக்கு ஓடியது. வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். சின்னப் பிள்ளைகள் எழுத்து நிற்கிற மாதிரியே கையைக் காலைத் தூக்கி நின்று போட்டோ எடுத்துக்கொண்டன. கனிராஜ் அண்ணன் பட்டு வேட்டியோடு வந்து மாலையை எடுத்துக் கொடுத்தார். தர்ஷனா மாமன் காலில் விழுந்து எழுந்தபோது மேடைக்குக் கீழிருந்த எனக்கே மூக்கு உறிஞ்ச வேண்டியதாயிற்று. செல்வக்கனியம்மா மேடையில் நின்று தம்பியையும் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல், ஆனால் ரொம்ப மரியாதையாக நின்றிருந்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் அடுத்தவரை ஏமாற்றிவிட்ட களை.

தாலி கட்டி முடிந்ததும் நான் வாசலுக்கு வந்தேன். அங்கே தவசிலிங்கம் சார் தனியாக நின்று ஃப்ளெக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஸ்கேல். அந்த உயரத்துக்கு அது எட்டவில்லை.

"எல்லாம் ஒரே அளவுதான் சார்," என்றேன்.

"தெரியுது." அவர் திரும்பவில்லை. "அவனும் உன்கிட்டத்தான வந்தான்? எனக்குப் பண்ணின மாதிரி அவனுக்கும் பழசத்தான் எடுத்துக் குடுத்தியா?"

அதிரசம் எதுவும் கையில் இல்லை.

"வாசல்ல வந்து நின்னதும் அப்படித்தான் நெனச்சேன். பால் காய்ச்சினப்ப தட்டினதா இருக்கும்னு. எனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் இல்ல. நான் செஞ்சதத்தான அவனும் செய்வான்." அவர் ஸ்கேலைத் தூக்கிக் கடைசி வரியைக் காட்டினார். அங்கே 'தலைமையாசிரியர் (ஓய்வு)' என்று இருந்தது. அடைப்புக்குறி இரண்டும் கையைத் தட்டுகிற மாதிரி வளைந்திருக்க, நடுவில் 'ஓய்வு' ஊஞ்சல் ஆடியது. "பால் காய்ச்சினப்ப நான் ஓய்வு பெறலியேம்மா. சண்டைக்கு அப்புறந்தான ஓய்வு பெத்தேன். விழாவுக்கு அவன நான் கூப்பிடக்கூட இல்ல."

அதை நான் கவனிக்கவே இல்லை. ஏமாற்றுகிற ஜோரில் இதை விட்டுவிட்டேன்.

"இப்பத் தட்டினதுதான் சார்," என்றேன். "அண்ணன் உங்க பத்திரிகையக் கொண்டுவந்து காட்டின அன்னிக்குத் தட்டினது."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். வயசான மனிதர் வாசலில் நின்று அழக் கூடாது என்று பாடுபட்டது எனக்குத் தெரிந்தது. சால்வை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். மொறைக்குதுன்னு சொல்லிட்டேன். பழசுதான் தொங்குதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு."

எத்தனையோ பிள்ளைகளைப் பொய் சொன்னதற்காகப் பெஞ்சில் ஏற்றிய அந்தத் தலைமையாசிரியரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

"சொல்லிராதம்மா. என்னைய ஏமாத்திட்டோம்னு அவன் சந்தோசமா இருக்கட்டும்."

உள்ளேயிருந்து மைக்கில் கனிராஜ் அண்ணனின் குரல் கணீரென்று வந்தது. "அத்தான் தவசிலிங்கம், எம்.ஏ., எம்.எட்., எம்.ஃபில்., தலைமையாசிரியர் ஓய்வு, எங்கருந்தாலும் உடனடியாப் பந்திக்கு வரவும். இலை போட்டாச்சு."

"சத்தத்தக் கூட்டி வெச்சிருக்கான் பாரு, ஊருக்கே கேக்கும்," என்று சார் முணுமுணுத்தார். போகிற வழியில் ஸ்கேலை என் கையில் கொடுத்து, "நீயே வச்சுக்கம்மா, உன் வேலைக்கு ஆகும்," என்றார்.

பந்தியில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். சாம்பார் வரைக்கும் பேச்சில்லை. ரசம் வருவதற்குள் பேசிவிட்டார்கள்.